துலசியும் துளசியும்

எங்கள் புளோக்குக்குப் பின்னால் ஒரு சமூகத் தோட்டம் இருக்கிறது. இரண்டு கார் நிறுத்தும் இடத்தைவிடக் கொஞ்சம் பெரியது, அவ்வளவுதான். கறிவேப்பிலை, வெண்டை, கற்பூரவள்ளி, பாண்டான், எதிர்வீட்டு மலாய் அக்கா வைத்த உலாம் ராஜா, மூன்றாவது மாடி சீன அங்கிளின் கைலான் கீரை. இவற்றுக்கு நடுவே ஐஸ்கிரீம் குச்சிகளில் நீல மையால் எழுதிய பெயர்கள் நட்டுவைக்கப்பட்டிருக்கும். எழுதியவர் ஒரு பாட்டி. ஜொகூரில் ரப்பர்த் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர். தோட்டத் தமிழ்ப் பள்ளியில் மூன்றாம் வகுப்பு வரை படித்தவர். எங்கள் தோட்டத்தில் பாதிச் செடிகள் அவர் கை பட்டு வந்தவை.

போன ஆண்டு தோட்டத்தைப் பார்க்க விருந்தினர்கள் வருகிறார்கள் என்று சொன்னார்கள். குச்சிகளை எடுத்துவிட்டு முறையான பெயர்ப்பலகை வைக்கலாம் என்று முடிவானது. தமிழ், மலாய், சீனம், ஆங்கிலம், அதற்குக் கீழே லத்தீன் பெயர். “நீதான் வானொலியில பேசுறவ, படிச்சவ, நீயே எழுதிக் குடுத்துடு” என்று பொறுப்பை என்னிடம் தள்ளிவிட்டார்கள். எனக்கும் ஆசைதான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை எல்லாரும் கூடியிருந்தபோது ஒவ்வொரு குச்சியாகப் பிடுங்கிப் பார்த்தேன். ஒன்றில் ‘துலசி’ என்றிருந்தது. “பாட்டி, துளசிக்குப் பெரிய ‘ள’ போடணும்” என்றேன். அடுத்ததில் ‘மனத்தக்காளி’. “இதுக்கு மூணு சுழி ‘ண’ வரணும் பாட்டி.” அதற்கடுத்தது ‘கருவப்பில’. பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். பாட்டியும் சிரித்தார். “எனக்கென்ன ஆயி தெரியும், நீ பாத்து எழுது” என்றார். அந்தச் சிரிப்பை நான் சரியாகப் படிக்கவில்லை. அது பிறகுதான் தெரிந்தது.

லத்தீன் பெயருக்கு நான் புதியவள். தேடத் தேடச் சுவாரசியம் கூடியது. 1753ல் சுவீடனைச் சேர்ந்த லின்னேயஸ் தம்முடைய நூலில் செடிகளுக்கு இரண்டு சொல்லில் பெயர் வைத்ததிலிருந்து இந்த முறை நிலைத்தது. அதற்கு முன்பு ஒரு செடியின் பெயர் ஒரு வாக்கியம் அளவுக்கு நீளும். இப்போது முதல் சொல் குடும்பப் பெயர் மாதிரி, இரண்டாவது சொல் அதில் எந்தப் பிள்ளை என்று சொல்வது மாதிரி. ஜப்பான்காரர் கேட்டாலும் பிரேசில்காரர் கேட்டாலும் அதே செடிதான்.

அந்தப் பெயர்களுக்குள் நம் வீட்டுச் சொற்களும் இருக்கின்றன. முருங்கைக்கு லத்தீனில் ‘மொரிங்கா’. அது நம் முருங்கையேதான். மாமரத்தின் ‘மேஞ்சிஃபெரா’வில் முன்பாதி, நம் மாங்காய் மலாய்க்காரர், போர்த்துக்கீசியர் வாயெல்லாம் சுற்றி லத்தீனுக்குப் போனது. இட்லிப்பூ என்று நாம் சொல்லும் வெட்சியின் பெயர் ‘இக்சோரா’. ‘ஈஸ்வரா’வைப் போர்த்துக்கீசியர் உச்சரித்த விதம் அது.

கறிவேப்பிலையின் கதை இன்னும் அழகு. அதன் பெயரில் வரும் ‘கோனிகி’, யோஹான் கோனிக் என்பவரைக் குறிக்கிறது. லின்னேயஸின் மாணவர். டேனிஷ்காரர்கள் கையில் இருந்த தரங்கம்பாடிக்கு மருத்துவராக வந்தவர். பிறகு சயாமுக்கும் மலாக்காவுக்கும் செடி தேடிப் போனவர். நாம் ரசத்தில் கிள்ளிப் போடும் இலையின் பெயரில் அவர் இன்றும் இருக்கிறார்.

இலக்கணமும் உண்டு. லத்தீனில் பெயர்ச்சொற்களுக்கு ஆண்பால், பெண்பால், இரண்டும் இல்லாத பால் என்று மூன்று. முதல் சொல்லின் பாலுக்கு ஏற்ப, அதைத் தொடரும் உரிச்சொல்லின் ஈறு மாறவேண்டும். நாம் ‘அவன் வந்தான், அவள் வந்தாள்’ என்று வினையில் மாற்றுவதைப் போல. அரசமரம் ‘ஃபைகஸ் ரிலிஜியோசா’. ‘ஃபைகஸ்’ பார்க்க ஆண்பால் மாதிரி இருக்கும். ஆனால் பழைய லத்தீனில் மரங்கள் பெரும்பாலும் பெண்கள். அதனால்தான் ‘ரிலிஜியோசஸ்’ இல்லை, ‘ரிலிஜியோசா’. நாம் அரசன் என்று கூப்பிடும் மரம் அங்கே ஒரு பெண். நாம் தாயாராக வணங்கும் துளசியின் லத்தீன் பெயரோ ஆணுமில்லை, பெண்ணுமில்லை.

இதையெல்லாம் படித்ததும் எனக்குத் தலைகால் புரியவில்லை. யார் என்ன எழுதினாலும் திருத்தும் ஆளாகிவிட்டேன். கோனிகிக்குக் கடைசியில் இரண்டு ‘ஐ’ எழுத்து வரவேண்டும். ஒருவர் ஒரு ‘ஐ’ மட்டும் போட்டிருந்தார். விடவில்லையே நான்!

பிழையால் என்ன குறைந்தது?

கொஞ்சம் ஆறிய பிறகு யோசித்தேன். ஒரு ‘ஐ’ குறைந்ததால் யாருக்காவது கறிவேப்பிலை கிடைக்காமல் போனதா? இல்லை. ‘துலசி’ என்று எழுதியதால் யாராவது அதைப் புதினா என்று நினைத்தார்களா? அதுவும் இல்லை.

செடிக்குப் பெயர் வைக்கும் அறிஞர்களே நாம் நினைப்பதைவிடப் பெருந்தன்மையானவர்கள். புதிய செடியைப் பதிவு செய்யும்போது அதன் விளக்கத்தை லத்தீனில் எழுதியே ஆகவேண்டும் என்று நெடுங்காலம் விதி இருந்தது. 2012 முதல் ஆங்கிலத்திலும் எழுதலாம் என்று தளர்த்திவிட்டார்கள். பெயரை முதலில் வைத்தவர் ஈற்றெழுத்தைத் தவறாகப் போட்டிருந்தால், அவருடைய பெயரைத் தள்ளுவதில்லை. பின்னால் வருபவர் ஈற்றைத் திருத்திக்கொண்டு அவருக்குரிய பெருமையை அவருக்கே கொடுக்கிறார். உச்சரிப்பிலோ ஆங்கிலேயர் ஒரு மாதிரி, இத்தாலியர் ஒரு மாதிரி, ஜெர்மானியர் ஒரு மாதிரி. யாரும் யாரையும் விரட்டுவதில்லை.

பெயர்களும் மாறிக்கொண்டே இருக்கின்றன. துளசியைப் பல காலம் ‘ஓசிமம் சாங்டம்’ என்றார்கள். ‘சாங்டம்’ என்றால் புனிதமானது. பிறகு, அதே செடிக்கு லின்னேயஸ் அதற்கும் முன்பே ‘டெனுயிஃப்ளோரம்’ என்று பெயர் வைத்திருந்தது கவனத்துக்கு வந்தது. மெல்லிய பூ உடையது என்று பொருள். முதலில் வைத்த பெயருக்குத்தான் மதிப்பு என்பது விதி. புனிதப் பட்டம் போய்விட்டது. அதனால் எந்த வீட்டுத் துளசி மாடத்திலும் விளக்கு அணையவில்லை. நித்தியகல்யாணியை லின்னேயஸ் ‘விங்கா’ என்றார். இன்று அது ‘கேத்தராந்தஸ்’. ஆனால் அந்தச் செடியிலிருந்து கிடைத்த புற்றுநோய் மருந்துகளுக்கு இன்னும் வின்கிரிஸ்டின், வின்பிளாஸ்டின் என்றுதான் பெயர்.

நம் தேசிய மலரையே எடுத்துக்கொள்ளுங்கள். 1981ல் அறிவிக்கப்பட்டபோது ‘வாண்டா மிஸ் ஜோக்கிம்’. இன்று அறிவியல் பெயர் ‘பாப்பிலியோனாந்தே மிஸ் ஜோக்கிம்’. பூமலைக்குப் போகிற வழியில் யாரை நிறுத்திக் கேட்டாலும் வாண்டா என்றுதான் சொல்வார்கள். சொல்லிவிட்டுப் போகட்டுமே. மாறாமல் நின்றது ‘மிஸ் ஜோக்கிம்’, அதை உருவாக்கிய ஆக்னஸ் ஜோக்கிமின் பெயர். அந்தப் பகுதி தவறியிருந்தால்தான் வருத்தப்பட வேண்டும்.

அப்படியானால் எல்லாவற்றையும் விட்டுவிடலாமா?

கூடாது. ஒரு பெயர் தவறினால் என்ன ஆகும் என்பதற்கு பிரஸ்ஸல்ஸில் நடந்ததைச் சொல்லவேண்டும். 1990களின் தொடக்கத்தில் அங்கே உடல் எடையைக் குறைப்பதற்காகச் சீன மூலிகை கலந்த மாத்திரைகளைப் பலர் சாப்பிட்டார்கள். சேர்க்கவேண்டிய மூலிகை ‘ஸ்டெஃபானியா டெட்ராண்ட்ரா’. சீனத்தில் அதன் பெயர் ஹான் ஃபாங் ஜி. அதே ‘ஃபாங் ஜி’ ஒட்டிய இன்னொரு மூலிகை குவாங் ஃபாங் ஜி. அது முற்றிலும் வேறு குடும்பம். அதன் பெயர் ‘அரிஸ்டோலோக்கியா’. ஒன்றின் இடத்தில் மற்றொன்று வந்து சேர்ந்தது. நூற்றுக்கும் அதிகமானவர்களுக்குச் சிறுநீரகம் கெட்டது. பலர் டயாலிசிஸுக்கும் மாற்றுச் சிறுநீரகத்துக்கும் போனார்கள். சிலருக்குப் பின்னாளில் புற்றுநோயும் வந்தது.

இதில் யாரும் எழுத்துப்பிழை செய்யவில்லை. பட்டியலில் லத்தீன் பெயர் ஒழுங்காகத்தான் இருந்தது. மூட்டைக்குள் இருந்த செடிதான் வேறு.

நம் அடுக்களையிலும் ஓர் உதாரணம் உண்டு. பிரியாணிக்குப் போடும் அன்னாசிப்பூ ‘இலிசியம் வேரம்’. ‘வேரம்’ என்றால் உண்மையானது. பார்க்க அதைப் போலவே இருக்கும் ஜப்பானிய வகை ‘இலிசியம் அனிசேட்டம்’ விஷம். அன்னாசிப்பூத் தேநீர் குடித்தவர்களுக்கு வலிப்பு வந்ததால் 2003ல் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் எச்சரிக்கை விடுத்தது. முதல் சொல் ஒன்றுதான். உயிர் இருப்பது இரண்டாவது சொல்லில்.

இன்னொரு வகையிலும் ஓர் எழுத்து முக்கியமாகும். ஆப்பிரிக்கச் செடிகள் பலவற்றின் பெயரில் ‘கஃப்ரா’ என்று இருந்தது. தென்னாப்பிரிக்காவில் கறுப்பின மக்களை இழிவாகச் சொல்லப் பயன்பட்ட வசைச்சொல்லின் வேர் அது. 2024 ஜூலையில் மத்ரிட்டில் கூடிய தாவரவியல் அறிஞர்கள் வாக்கெடுத்தார்கள். முதல் எழுத்தை எடுத்துவிட்டு ‘அஃப்ரா’, அதாவது ஆப்பிரிக்காவைச் சேர்ந்தது, என்று மாற்ற முடிவெடுத்தார்கள். இருநூறுக்கும் மேற்பட்ட பெயர்கள். ஒரே ஓர் எழுத்துதான். ஆனால் அங்கே புண்பட்டவர்கள் மனிதர்கள்.

ஆக, எந்தச் செடி என்பதில் தவறக்கூடாது. எந்த மனிதரைப் பற்றியது என்பதிலும் தவறக்கூடாது. இவ்வளவும் படித்துத் தெரிந்துகொண்டேன். பலகைகளை அச்சடித்து நட்டேன். எழுத்துப்பிழை ஒன்றுகூட இல்லை.

கீழாநெல்லி

இரண்டு மாதம் கழித்து ஒருநாள் மாலை தோட்டத்தில் பாட்டி மட்டும் இருந்தார். முன்புபோல் அடிக்கடி வருவதில்லை. வந்தாலும் தண்ணீர் ஊற்றிவிட்டுப் பேசாமல் போய்விடுவார். கால்வலி என்று நினைத்துக்கொண்டேன்.

அந்த நேரம் பக்கத்து புளோக்கில் இருந்து ஒருவர் வந்து, நான் ‘கீழாநெல்லி’ என்று பலகை நட்ட இடத்தில் கைப்பிடி அளவு பறித்தார். கீழே ‘ஃபைலாந்தஸ் அமாரஸ்’ என்றிருந்தது. ‘அமாரஸ்’ என்றால் கசப்பு. பழைய புத்தகங்களில் இதற்கு ‘நிருரி’ என்று போட்டிருப்பார்கள். நான் தேடிப் பார்த்துப் புதிய பெயரையே போட்டிருந்தேன். மலாயில் ‘டுக்குங் அனாக்’, பிள்ளையைச் சுமப்பது. இலைக்கு அடியில் காய் தொங்குவதைப் பார்த்து நாம் கீழாநெல்லி என்றோம். அவர்கள் முதுகில் பிள்ளை என்றார்கள். அந்தப் பலகையில் எனக்குத் தனிப் பெருமை.

அவர் போனதும் பாட்டியிடம், “வாராவாரம் வந்து பறிச்சிட்டுப் போறாரு, பாத்தீங்களா பாட்டி? ஜூஸ் போட்டுக் குடிக்கிறாராம்” என்றேன்.

பாட்டி சற்று நேரம் பேசவில்லை. பிறகு, “அது கீழாநெல்லி இல்ல ஆயி” என்றார்.

குனிந்து ஒரு செடியைப் பிடுங்கிக் காட்டினார். “தண்டப் பாரு, செவப்பா இருக்கா? காயப் பாரு, காம்பே இல்லாம ஒட்டிக்கிட்டு, மேல சொரசொரன்னு இருக்கா? இது செங்கீழாநெல்லி. நம்ம கீழாநெல்லிக்குத் தண்டு பச்சையா இருக்கும். காய் சின்னக் காம்புல தொங்கும், வழவழன்னு இருக்கும்.”

வீட்டுக்குப் போய்ப் பார்த்தேன். பாட்டி சொன்ன ஒவ்வோர் அடையாளமும் சரி. அது ‘ஃபைலாந்தஸ் யூரினேரியா’. ஒரே குடும்பம், வேறு செடி. இரண்டும் கலந்து முளைக்கும். சந்தையில் கீழாநெல்லி என்று விற்கும் கட்டுகளிலேயே வேறு இனங்கள் கலந்திருப்பதை ஆய்வாளர்கள் கண்டிருக்கிறார்கள்.

“எப்பத் தெரியும் பாட்டி உங்களுக்கு?”

“நீ பலக வச்ச அன்னிக்கே.”

“ஏன் சொல்லல?”

“நீங்கல்லாம் லத்தீன்லாம் போட்டு எழுதியிருக்கீங்க. நான் எழுதுனாதான் தப்பு தப்பா வருதே. எதுக்கு வாயத் தொறந்துக்கிட்டுன்னு இருந்துட்டேன்.”

எனக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. செங்கீழாநெல்லி விஷச் செடி இல்லை. அது எங்கள் அதிர்ஷ்டம், அவ்வளவுதான். பிரஸ்ஸல்ஸ் கதையைப் படித்துப் பதறிய நான், என் புளோக்குக்குப் பின்னால் அதே மாதிரி ஒன்றைச் செய்துவைத்திருந்தேன். சரியாக எழுதிய பெயர், தப்பான செடி. அதைத் திருத்தக்கூடிய ஒரே ஆளை நானே வாயடைத்து வைத்திருந்தேன், ஒரு ‘ள’வுக்காக.

பாட்டியின் குச்சிகளில் எழுத்து பிசகியிருந்தது. ஆனால் ஒரு குச்சிகூடத் தவறான செடிக்குப் பக்கத்தில் இருந்ததில்லை.

திருத்துவதில் ஒரு முறை

சில ஆண்டுகளுக்கு முன் நேரலையில் வாழைப்பூ வடை செய்முறையை வாசித்தேன். வேகத்தில் ‘வாளைப்பூ’ என்று மூன்று முறை சொல்லியிருக்கிறேன். நிகழ்ச்சி முடிந்த பிறகு நிலையத் தொலைபேசியில் ஒரு நேயர் என்னைக் கேட்டு வாங்கிப் பேசினார். “தங்கச்சி, தினமும் கேக்குறேன், நல்லா பண்றீங்க. ஒண்ணு மட்டும். வாளை மீனுதானே, அதுல எப்படிப் பூ பூக்கும்?” இருவரும் விழுந்து விழுந்து சிரித்தோம். அன்றிலிருந்து அந்த ‘ழ’ எனக்குத் தவறியதில்லை. அவர் நேரலையிலேயே அழைத்துச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. நிகழ்ச்சி முடியும்வரை காத்திருந்தார். அந்தப் பெருந்தன்மையை நான் பாட்டிக்குக் காட்டவில்லையே என்பதுதான் இன்றுவரை உறுத்துகிறது.

தோட்டக் குழுவில் ஒரு தம்பி இதை ஏற்கவில்லை. “இப்படியே விட்டுக்குடுத்தா தமிழ் என்னக்கா ஆகும்? பொது இடத்துல பலகையில பிழை வந்தா நாமதானே சண்டை போடுறோம்?” என்றான். அவன் கேட்டது நியாயம். நான்கு மொழிப் பலகையில் தமிழ் மட்டும் சிதைந்து நிற்பதைப் பார்க்கும் வலி இங்கே வாழும் எல்லாருக்கும் தெரியும். ஆனால் அது சம்பளம் கொடுத்து, சரிபார்க்க ஆள் வைத்துச் செய்யும் வேலை. அங்கே பிழை வந்தால் கேட்கத்தான் வேண்டும். மூன்றாம் வகுப்போடு பள்ளியை விட்டவர் தம் விருப்பத்துக்குக் குச்சியில் எழுதுவது வேறு. அவர் எழுதுவதால்தான் இந்தத் தோட்டத்தில் தமிழ் இருந்தது. அவர் நிறுத்தியபோது எழுத்துப்பிழையும் இல்லை, தமிழும் குறைந்துபோனது.

பிள்ளைகள் பார்த்துப் படிக்கும் அச்சுப் பலகையில் எழுத்து சரியாக இருக்கவேண்டும். அதில் எனக்கும் அந்தத் தம்பிக்கும் கருத்து வேறுபாடு இல்லை. அதை அச்சுக்கு அனுப்பும் முன் சத்தமில்லாமல் திருத்திவிட்டால் போதும். யாரையும் கூட்டத்தில் நிறுத்தவேண்டியதில்லை. ஆனால் விஷச் செடியை யாராவது கீரை என்றால் அந்த இடத்திலேயே, எல்லாருக்கும் கேட்கும்படி தடுக்கவேண்டும். அப்போது மரியாதை பார்க்க நேரமில்லை. நான் இதைத் தலைகீழாகச் செய்திருந்தேன்.

அடுத்த ஞாயிறு எல்லாரும் இருக்கும்போதே சொன்னேன், கீழாநெல்லிப் பலகை தவறு, கண்டுபிடித்தவர் பாட்டி என்று. பறித்துப் போகும் அண்ணனிடமும் சொன்னோம். எந்த மூலிகையானாலும் மருத்துவரைக் கேட்காமல் குடிக்க வேண்டாம் என்றும் சேர்த்துச் சொன்னோம். பிறகு பாட்டியைக் கையோடு கூட்டிக்கொண்டு போய் ஒவ்வொரு பலகையையும் செடியோடு ஒப்பிட்டோம். இன்னும் ஒன்று தவறாக இருந்தது. அது எது என்று எழுத எனக்கு வெட்கம்!

இப்போது ஒரு புதிய ஏற்பாடு. புதிதாக ஒரு செடி வந்தால் முதலில் பாட்டி குச்சியில் எழுதி நடுவார். நான் அதைப் பார்த்துப் பலகைக்கு எழுதுவேன். அந்தத் தம்பி லத்தீன் பெயரைச் சரிபார்ப்பான். பலகையை நடும் இடத்தைப் பாட்டி சொல்வார். அவர் சரி என்று சொல்லாமல் எதுவும் மண்ணில் இறங்காது.

போன வாரம் புதிதாக ஒரு குச்சி நட்டிருந்தார். ‘தூதுவலை’ என்று எழுதியிருந்தது. என் வாய் துறுதுறுத்தது. அடக்கிக்கொண்டு, “முள்ளு கையில குத்துச்சா பாட்டி?” என்று மட்டும் கேட்டேன்.

“குத்தாமலா?” என்றவர் குச்சியைத் திரும்பப் பார்த்தார். “ஏன் ஆயி, இதுக்குப் பெரிய ‘ள’வா?”

“ஆமா பாட்டி.”

“சரி, பலகையில நீ போட்டுடு. செடி சரிதானே?”

செடி சரிதான்.